பிக்கப்பில் கூலண்ட் குறைந்துகொண்டே இருக்கிறது, தரையில் ஒழுகவில்லை. எங்கே தேடுவது?

பாரவண்டி:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், முழு விவரம் தெரிந்தால்தான் உங்களால் சரியாகச் சொல்ல முடியும்.

என்னுடையது 9 வருடம் ஆன டபுள் கேப் டீசல் பிக்கப். நாலு சிலிண்டர், டர்போ, 1,84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரத்தில் நாலு நாள் பாரம் ஏற்றுவேன், மாதத்தில் இரண்டு மூன்று தடவை டிரெய்லரும் இழுக்கும். இரண்டு மாதமாக கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், குறைகிறது. ஓவர்ஃப்ளோ டப்பாவில் மேல் கோடு வரை ஊற்றினால் ஐந்தாறு நாளில் கீழ்க் கோட்டுக்கு வந்துவிடுகிறது. கணக்குப் போட்டால் வாரத்துக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆனால் தரையில் ஒன்றுமே இல்லை. ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரித்துவைத்துப் பார்த்தேன், பத்து நாளில் இரண்டே நாள்தான் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஈரம் இருந்தது. தொட்டால் வழவழப்பு, லேசான இளஞ்சிவப்பு.

டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நிற்கிறது, ஒரு தடவைகூட ஏறவில்லை. ஹீட்டர் வேலை செய்கிறது, ஆனால் வண்டி ஐடிலில் நிற்கும்போது சில சமயம் காற்று சில்லென்று வரும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மறுபடி சூடாகும். ஆயில் டிப்ஸ்டிக் சுத்தமாக இருக்கிறது. சைலன்சர் புகையில் வித்தியாசம் எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை.

ஒரு பட்டறையில் முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றினார்கள். நிற்கவில்லை. அப்புறம் மேல் ஹோஸை மாற்றினார்கள். அதற்கும் நிற்கவில்லை. இப்போது ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். இன்னொருவர் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடி மாதிரி உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்பு) போயிருக்கும், ஹெட்டை இறக்கிப் பார்த்துவிடலாம் என்கிறார். இதுவரை யாரும் இந்த இடத்தில்தான் ஒழுகுகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை, என் வருத்தம் அதுதான். லீக் அடைக்கும் திரவம் ஒரு புட்டி வாங்கி வைத்திருக்கிறேன், ஊற்றலாமா? அடுத்த மாதம் முழுப் பாரத்தோடு மலை ஏற வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, வழியில் நின்றுவிட்டால் பெரிய சிக்கலாகிவிடும். சாதாரண ஸ்பேனர் வேலை எனக்கு வரும். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஸ்பேனர்கை:

தம்பி, முதலில் அந்தப் புட்டியைத் திறக்காமல் வையுங்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஹீட்டர். ஐடிலில் சில்லென்று வந்து, மிதித்தால் சூடாகிறது என்றால் ஹீட்டர் கோருக்கு (கேபின் காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்) கூலண்ட் சரியாகப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. அப்படியானால் டப்பாவில் தெரியும் குறைவைவிட ரேடியேட்டருக்குள் குறைவு அதிகமாக இருக்கும். உங்கள் வண்டியில் மூடி ரேடியேட்டரின் மேலும் டப்பா தனியாகவும் இருக்கும் அமைப்பு. எஞ்சின் சூடாகும்போது விரியும் கூலண்ட் மூடியைத் தள்ளிக்கொண்டு டப்பாவுக்குப் போகும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, அதே கூலண்டை டப்பாவிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும். எங்கேயாவது ஒரு கசிவு இருந்தால் இழுக்கும் நேரத்தில் கூலண்டுக்குப் பதில் அந்த வழியாகக் காற்று உள்ளே போய்விடும். டப்பாவைப் பார்த்து அரை லிட்டர்தானே என்று நினைத்துக்கொண்டிருப்போம், ரேடியேட்டரில் ஒரு லிட்டருக்கு மேல் காலியாக இருக்கும்.

முள் நடுவில் நிற்பதையும் நம்பாதீர்கள். பல வண்டிகளில் அந்த முள்ளை ஒரு பெரிய வெப்ப இடைவெளி முழுவதும் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அதோடு சென்சார் கூலண்டில் முங்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும், காற்றில் தொங்கினால் எஞ்சின் கொதித்தாலும் அதற்குத் தெரியாது.

நாளைக் காலை எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். சூடாக இருக்கும்போது வேண்டவே வேண்டாம். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த வெளியில் 106, 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ரேடியேட்டருக்குள் 1 பார் அழுத்தம் இருக்கும்போது 125 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகி அழுத்தத்தை விட்ட அந்த நொடியில் அத்தனையும் ஒரே நேரத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். நான் வேலை பழகிய பட்டறையில் ஒரு பையனுக்கு முழங்கை வரை வெந்துபோனதை நேரில் பார்த்திருக்கிறேன். துணி போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

அடுத்தது பிரஷர் டெஸ்ட். சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கைப்பம்பும் மீட்டரும் சேர்ந்த சாமான், ரேடியேட்டர் வாயில் மூடிக்குப் பதிலாக மாட்டுவார்கள். வாடகைக்கு எடுக்கலாம், இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்கலாம். கூலண்டை வாய்வரை நிரப்பிவிட்டு, உங்கள் மூடியில் எவ்வளவு அழுத்தம் என்று போட்டிருக்கிறதோ அதுவரை மட்டும் ஏற்றுங்கள். 0.9 அல்லது 1.1 பார் என்று போட்டிருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் நன்றாக இருக்கும் பழைய பிளாஸ்டிக்கையும் நாமே உடைத்துவிடுவோம். இந்தச் சோதனையை ஆறிய எஞ்சினில்தான் செய்ய வேண்டும். ஓடும்போது கசிவது சூடான இரும்பில் பட்டதும் ஆவியாகிப் போய்விடும், கண்ணில் படாது. ஆறியிருக்கும்போது அழுத்தம் கொடுத்தால் சொட்டு சொட்டாகவே நிற்கும். சில கசிவு ஆறிய எஞ்சினில் மட்டும்தான் வரும், சூடானதும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் விரிந்து தானாக அடைத்துக்கொள்ளும். அட்டையில் என்றைக்காவது ஒருநாள் மட்டும் ஈரம் இருந்தது என்கிறீர்களே, எனக்கு அந்தச் சந்தேகம்தான் வருகிறது.

பார்ப்பதற்கு முன்னால் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் தகட்டைக் கழற்றிவிடுங்கள். பிக்கப்புகளில் அது பெரிதாக இருக்கும், ஒழுகுவதெல்லாம் அதில் தேங்கி அங்கேயே காய்ந்துவிடும், தரைக்கு வராது. கழற்றும்போது அதன் மேல் பக்கத்தை நன்றாகப் பாருங்கள். எந்த இடத்தில் இளஞ்சிவப்புப் பொடி படிந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே தேடலாம். ஆனால் ஒன்று, ஃபேன் காற்று சொட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும், பெல்ட் சுற்றி அடிக்கும். ஈரம் இருக்கும் இடத்துக்கு மேலேயும் முன்னாலேயும்தான் கசிவு ஆரம்பித்திருக்கும். ஈரம் தெரிகிற இடங்களிலேயே மேலானது எது, அதிலிருந்து தொடங்குங்கள்.

மீட்டர் இறங்குவதற்கு 15, 20 நிமிடமாவது கொடுங்கள். டார்ச்சும் ஒரு சின்னக் கைக்கண்ணாடியும் வேண்டும். ரேடியேட்டரின் இரண்டு பக்கப் பிளாஸ்டிக் தொட்டியும் நடு அலுமினியமும் சேரும் மடிப்பு, ஹோஸ் முனைகளில் கிளாம்ப் உட்காரும் இடம், தெர்மோஸ்டாட் வீடு (சூடானதும் கூலண்டுக்கு வழிவிடும் வால்வு உட்காரும் கூடு), வாட்டர் பம்ப் தண்டுக்குக் கீழே இருக்கும் சின்ன ஓட்டை, ஹீட்டருக்குப் போகும் ஹோஸ்கள் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) நுழையும் இடம், எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டமான கோர் பிளக்குகள், எல்லாவற்றையும் பாருங்கள். கேபினுக்குள்ளும் பயணி பக்கம் கால்மிதிக்குக் கீழே கார்பெட்டை அழுத்திப் பாருங்கள். இனிப்பு வாசனையோடு ஈரம் இருந்தால், இல்லை கண்ணாடியில் உள்பக்கம் பிசுபிசுப்பாகப் பனி படிந்தால், ஹீட்டர் கோர்தான். ஏசி ஓடும்போது அடியில் சொட்டுவது வெறும் தண்ணீர், அதற்கு நிறமும் இருக்காது, வழவழப்பும் இருக்காது. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மலைப்பாதை:

அண்ணன் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை, முதலில் வெளியே தேடுங்கள். ஆனால் டீசல் பிக்கப் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன், இது எனக்கே நடந்தது. என் வண்டியிலும் தரையில் சொட்டே கிடையாது, 700 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் காணாமல் போனது. பிரஷர் டெஸ்டில் மீட்டர் மெதுவாக இறங்கியது, வெளியே எங்கும் ஈரமில்லை. கடைசியில் பார்த்தால் ஈஜிஆர் கூலர்.

சைலன்சருக்குப் போகும் சூடான புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் சாமான் அது. ஒரு பக்கம் புகை, இன்னொரு பக்கம் கூலண்ட், நடுவில் மெல்லிய தகடு. அந்தத் தகடு விரிசல் விட்டால் கூலண்ட் புகையோடு போய்விடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வரும், இனிப்பு வாசனை அடிக்கும், சூடானதும் நின்றுவிடும். குளிர்ச்சியான காலையில் எல்லா வண்டியிலும் கொஞ்சம் வெள்ளையாக வரும் என்பதால் நான் மூன்று மாதம் கவனிக்கவே இல்லை. சிஸ்டத்தில் அழுத்தம் ஏற்றி ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, ஈஜிஆர் குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். காய்ந்த கரி இருந்தால் நல்லது, ஈரக் கரி வந்தால் கூலரைச் சந்தேகப்படலாம். இதை ரொம்ப நாள் தள்ளிப்போடக் கூடாது, கூலண்ட் ஒரு சிலிண்டரில் தேங்கி நிற்கும்போது ஸ்டார்ட் போட்டால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

ஹெட் கேஸ்கெட் என்று சொன்னவரிடம் ஹெட்டை இறக்குவதற்கு முன்னால் அந்த நீலத் திரவச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து உள்ளிருக்கும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக உறிஞ்சுவார்கள், எரிந்த புகை கலந்திருந்தால் திரவத்தின் நிறம் மாறும். சில கம்பெனிகளில் டீசலுக்கென்று தனித் திரவம் வரும், கேட்டு வாங்குங்கள். அது கையில் இல்லையென்றாலும் ஒன்று பார்க்கலாம். ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸைப் பிடித்தால் கல் மாதிரி இறுகியிருக்கிறதா? அந்த நேரத்தில் கூலண்ட் சூடாகியே இருக்காது, அழுத்தம் வருகிறது என்றால் சிலிண்டரிலிருந்துதான் வர வேண்டும். இறுகவில்லை, கூலண்ட் கலந்து ஆயிலும் பால் மாதிரி ஆகவில்லை என்றால் ஹெட்டைத் தொட விடாதீர்கள்.

வண்டிச்சத்தம்:

இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன்.

லீக் அடைக்கும் திரவத்தை நான் ஊற்றியிருக்கிறேன். கசிவு மூன்று வாரம் நின்றது, அப்புறம் மறுபடி ஆரம்பித்தது, அதோடு ஹீட்டர் கோர் அடைத்துக்கொண்டது. எது ஓட்டை எது குறுகிய குழாய் என்று அந்தத் திரவத்துக்குத் தெரியாது. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டு எப்படியாவது வீடு சேர வேண்டும் என்றால் ஊற்றலாம், அதுவும் வந்ததும் முழுக்கக் கழுவிவிட வேண்டும். முன்கூட்டியே தெரிந்த கசிவுக்கு வேண்டாம்.

இரண்டாவது, அட்டையில் விழும் அந்தச் சொட்டு. கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும். ஒரு பூனையைக் கொல்ல ஒன்றிரண்டு தேக்கரண்டி போதும், சிறுநீரகத்தை அடித்துவிடும். எங்கள் தெருப் பூனை ஒன்றை நான் அப்படி இழந்திருக்கிறேன், வடித்த தட்டை மூடாமல் வைத்தது நான்தான், இன்று நினைத்தாலும் மனது கனக்கிறது. வேலை செய்யும்போது வடித்ததை உடனே மூடியுள்ள கேனில் ஊற்றுங்கள், சிந்தினால் மணலோ மரத்தூளோ போட்டு அள்ளிவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஏதாவது ஒரு பிராணி நக்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பாரவண்டி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

காலையில் மூடியைத் திறந்தேன், அண்ணன் சொன்னது சரி. விரலை விட்டால் கூலண்ட் தொடவே இல்லை. முக்கால் லிட்டர் ஊற்றிய பிறகுதான் வாய்வரை வந்தது, அத்தனை நாளும் டப்பாவில் பாதி இருந்தது! ஸ்டார்ட் செய்ததும் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன், மூன்று நிமிடம் வரை மெத்தென்றுதான் இருந்தது. புகையிலும் இனிப்பு வாசனை இல்லை.

பிரஷர் டெஸ்டரை ஒரு நண்பர் கொடுத்தார். மூடியில் 1.1 என்று போட்டிருக்கிறது, அதுவரை ஏற்றினேன். 20 நிமிடத்தில் 0.8க்கு இறங்கிவிட்டது. அடித்தகட்டைக் கழற்றியபோது அதன் முன்பகுதியில், பெல்ட்டுக்கு நேர் கீழே, காய்ந்த உப்பு மாதிரி இளஞ்சிவப்புப் பொடி கையளவுக்கு இருந்தது. கைக்கண்ணாடியை வைத்து மேலே பார்த்தால் வாட்டர் பம்பின் அந்தச் சின்ன ஓட்டைக்குக் கீழே கோடு கோடாக அதே பொடி. பம்ப்தான் என்று நினைக்கிறேன், நாளைக்கே ஆர்டர் போட்டுவிடட்டுமா?

ஸ்பேனர்கை:

ஒரு நாள் பொறுங்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பம்பை மாற்றிவிட்டு மறுபடி கூலண்ட் குறைகிறது என்று வருவார்கள்.

அந்த ஓட்டையில் பழைய கறை இருப்பது சாதாரணம். பம்பின் சீல் முதல் சில நூறு கிலோமீட்டரில் படிந்து உட்காரும்போதே கொஞ்சம் கசியும், அந்தக் கறை வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். பம்ப் போயிருந்தால் ஓட்டையின் உள்விளிம்பிலேயே ஈரம் இருக்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும், சுற்றினால் கரகரவென்று இருக்கும். நீங்கள் பார்த்தது ஓட்டைக்குக் கீழே இருக்கும் பொடி. ஓட்டைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் வீடு பம்புக்கு நேர் மேலே ஹெட்டில் உட்கார்ந்திருக்கும், அதில் கசிவது பம்ப் மீது வழிந்துதான் கீழே வரும்.

பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் வெந்நீரும் வைத்து அந்தப் பொடி முழுவதையும் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். சுத்தமான இடத்தில்தான் புதுக் கசிவு தெரியும். மறுபடி அழுத்தம் ஏற்றி, பம்பைச் சுற்றியும் தெர்மோஸ்டாட் வீட்டைச் சுற்றியும் வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு இடமாக ஒற்றி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் பேப்பரில் நிறமாக வந்துவிடும். அப்படியும் பிடிபடவில்லையென்றால் கூலண்டில் கலக்கும் யூவி டை (யூவி ஒளி பட்டால் ஒளிரும் சாயம்) வாங்கி ஊற்றி இரண்டு நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் யூவி டார்ச் அடியுங்கள். கசிந்த பாதை பச்சையாக ஒளிரும். ஏசிக்கு, ஆயிலுக்கு என்று தனித்தனி டை விற்கிறார்கள், கூலண்டுக்கு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

மலைப்பாதை:

1,84,000 ஓடிய வண்டி, பம்ப் இன்னும் கம்பெனியில் வந்ததே என்றால் கை வைக்கும்போதே அதையும் மாற்றிவிடலாம் என்பது என் எண்ணம். இரண்டு தடவை கூலண்டை வடிக்க வேண்டாம்.

ஸ்பேனர்கை:

அது வண்டியைப் பொறுத்தது. பம்ப் டைமிங் பெல்ட்டுக்குள் இருந்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, பெல்ட் மாற்றும்போது பம்பையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். வெளிப் பெல்ட்டில் ஓடும் பம்ப், ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை, ஓட்டை காய்ந்திருக்கிறது என்றால் விட்டுவிடலாம். பம்பையும் தெர்மோஸ்டாட் வீட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது ஒழுகியது என்று கடைசி வரை தெரியாமலே போய்விடும், புதிதாக மாட்டியதில் ஒன்று கசிந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

பாரவண்டி:

கண்டுபிடித்துவிட்டேன். தெர்மோஸ்டாட் வீடுதான்.

கழுவிக் காயவைத்து நேற்றுக் காலை ஆறு மணிக்கு, எஞ்சின் நல்ல குளிர்ச்சியில் இருக்கும்போது அழுத்தம் ஏற்றினேன். பம்பின் ஓட்டையில் டிஷ்யூவைத் திரித்து நுழைத்தேன், வெள்ளையாகவே வந்தது. புல்லியில் ஆட்டமும் இல்லை. அப்புறம் தெர்மோஸ்டாட் வீட்டின் பின்பக்கம், நேராகப் பார்த்தால் தெரியாத இடத்தில், கண்ணாடி வைத்துக்கொண்டு பேப்பரை ஒற்றினேன், இளஞ்சிவப்பாக வந்தது. துடைத்துவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக்கும் ஹெட்டும் சேரும் விளிம்பில் ஊசிமுனை அளவு ஒரு மினுக்கம் வந்தது, மெதுவாகப் பெருத்துக் கடுகு அளவானது, பிறகு ஹெட்டின் ஓரமாக வழிந்து பம்ப் மேல் போய் நின்றது. ஒரு சொட்டு சேர ஏறக்குறைய நாலு நிமிடம் ஆனது. இரண்டு மாதமாகத் தேடியதை அந்தக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு இருந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

எஞ்சின் சூடான பிறகு அதே இடத்தைப் பார்த்தேன், எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. இப்போது எப்படி மாற்றுவது? கூலண்ட் முழுவதையும் வடிக்க வேண்டுமா? வேறு நிறக் கூலண்ட் ஒரு கேன் கையில் இருக்கிறது, அதை ஊற்றலாமா?

ஸ்பேனர்கை:

அருமை தம்பி. கண்ணால் பார்த்துவிட்டீர்கள், இனி பாதி வேலைதான்.

முழுவதும் வடிக்க வேண்டாம். ரேடியேட்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தெர்மோஸ்டாட் வீட்டுக்குக் கீழே மட்டம் வரும்வரை விட்டால் போதும். எவ்வளவு வடிந்தது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். பழைய கூலண்ட் நாலைந்து வருடம் ஆகிவிட்டது என்றால் இந்தச் சாக்கிலேயே முழுவதையும் மாற்றிவிடுவது நல்லது.

வீட்டைக் கழற்றியதும் ரப்பர் ஓ-ரிங்கைப் பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டியது சப்பையாகி, நகத்தால் அழுத்தினால் திரும்ப எழும்பாமல் இருக்கும். பிளாஸ்டிக்கும் பல வருடம் சூடேறி ஆறி ஆறி இறுகி, உட்காரும் முகம் வளைந்திருக்கும், ஒரு நேர்க்கட்டையை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் தெரியும். ஓ-ரிங்கை மட்டும் மாற்றிவிட்டு மலை ஏறாதீர்கள், வீட்டையே மாற்றுங்கள், அலுமினியத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது. தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றுங்கள், இங்கே மட்டும் மலைப்பாதை சொன்ன அதே கணக்கு எனக்கும் சரி, ஏனென்றால் அது இதற்குள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் எத்தனை டிகிரியில் திறக்கும் என்று பொறித்திருக்கும், பழையதில் 82 என்றால் புதியதிலும் 82 இருக்க வேண்டும். சின்ன ஆடும் ஊசி ஒன்று இருந்தால் அது மேல் பக்கம் வர வேண்டும், காற்று வெளியேற அதுதான் வழி.

ஹெட்டின் முகத்தில் ஒட்டியிருக்கும் படிவை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள், இரும்பு வேண்டாம், அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் புது ஓ-ரிங்கும் ஒழுகும். துவாரத்தில் துணியைச் சொருகிக்கொண்டு சுரண்டுங்கள், முடிந்ததும் துணியை எடுக்க மறந்துவிடாதீர்கள். ஓ-ரிங்குக்கு சிலிக்கான் பூச வேண்டாம், கொஞ்சம் கூலண்டைத் தடவி உட்காரவைத்தால் போதும். இந்த போல்ட்டுகள் பெரும்பாலும் எம்6 அளவு, இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர் பக்கத்தில்தான் இருக்கும். உங்கள் வண்டிக்கான சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவைப் பார்த்து இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் மாறி மாறி இறுக்குங்கள். நீளமான ஸ்பேனரை வைத்து கைப்பலத்தில் இழுத்தால் புது வீடு முதல் நாளே விரிசல் விடும்.

நிறத்தை வைத்து கூலண்ட் வாங்காதீர்கள். நிறம் என்பது ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பத்துக்குக் கலக்கும் சாயம், உள்ளே இருக்கும் துருத்தடுப்பு ரசாயனம்தான் முக்கியம். வகை வேறான இரண்டைக் கலந்தால் அந்தத் தடுப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும், சில கலவைகள் கூழாகிப் படியவும் செய்யும். வண்டிப் புத்தகத்தில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அதுதான். தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு உள்ளே படிந்துவிடும்.

காற்று எடுப்பதில் அவசரம் வேண்டாம். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி மெதுவாக ஊற்றுங்கள். மேல் ஹோஸைப் பிசைந்து பிசைந்து விடுங்கள், குமிழி வரும். காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூ இருந்தால் குமிழி இல்லாமல் கூலண்ட் வரும்வரை திறந்துவையுங்கள். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டர் சூடாகத் தொடங்கி, குமிழி நிற்கும்வரை நிரப்பி மூடுங்கள். ஒருமுறை மூடிவிட்டால், எஞ்சின் ஆறாமல் மறுபடி திறக்க வேண்டாம். மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் மட்டம் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும், அது மிச்சமிருந்த காற்று.

பாரவண்டி:

வேலை முடிந்து 12 நாள் ஆகிறது.

ஓ-ரிங் நீங்கள் சொன்னபடியேதான் இருந்தது, ஒரு பக்கம் சதுரமாகத் தட்டையாகிவிட்டது. பிளாஸ்டிக் முகத்தில் நேர்க்கட்டை வைத்தால் ஒரு மூலையில் ஒரு தாள் நுழையும் இடைவெளி. அலுமினிய வீடு கிடைத்தது, தெர்மோஸ்டாட்டும் அதே 82 டிகிரி போட்டேன். வடிந்தது 3.9 லிட்டர், திரும்ப உள்ளே போனது 4.7. ஆக, அன்று காலை நான் முக்கால் லிட்டர் ஊற்றிய பிறகும் இன்னும் முக்கால் லிட்டருக்கு மேல் உள்ளே காற்றுதான் இருந்திருக்கிறது. இத்தனைக்கும் முள் ஒரு நாளும் ஏறவில்லை.

மாட்டிய அன்றே மறுபடி அழுத்தம் ஏற்றிப் பார்த்தேன், 1.1ல் வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்தாலும் முள் அசையவில்லை. இரண்டாம் நாள் காலையில் டப்பாவில் ஒரு விரல் இறங்கியிருந்தது, ஊற்றி நிரப்பி, மட்டத்தில் பேனாவால் கோடு போட்டேன். அதன் பிறகு 860 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, அதில் 200 கிலோமீட்டர் டிரெய்லரோடு. இன்று காலையும் கோட்டிலேயே நிற்கிறது. ஐடிலில் ஹீட்டர் காற்று சூடு குறையாமல் வருகிறது. பம்பின் ஓட்டை காய்ந்தே இருக்கிறது, கைக்கண்ணாடியை வண்டியிலேயே வைத்துக்கொண்டேன், வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். புட்டியை வாங்கின இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.